பிள்ளைகளின் சட்டைக்குள் வைத்த வெள்ளைத் துணி

மகளுக்கு,

வாப்பா எழுதுகிறேன். ஸலாம் சொல்லிவிட்டேன். பதில் சொல்வது உன் கடமை, கொழும்பில் இருந்துகொண்டு மனதுக்குள் சொன்னாலும் போதும். போன் எடுத்தால் வேலையாக இருக்கிறேன் என்கிறாய். குரலில் பேசி அனுப்பலாம் என்று மூன்று தரம் முயன்றேன். மூன்று தரமும் தொண்டையைச் செருமியதுதான் பதிவானது, அழித்துவிட்டேன். துணியில் கோடு போட்டுப் பழகிய கை, கடதாசியில் என்றால் கொஞ்சம் நேராகப் போகும். இதை நீ வேறு யாருக்கு வாசிக்கக் கொடுத்தாலும் எனக்குக் குறை இல்லை. நான் செய்ததைக் கடற்கரையில் வைத்து ஊரே பார்த்தது. அதைப் பற்றி நான் சொல்வதையும் ஊர் பார்க்கட்டும்.

போன கிழமை நீ அனுப்பிய செய்தியை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். முன் அறையை யாருக்காவது வாடகைக்குக் கொடுங்கள், மெசின் இரண்டையும் தேவைப்பட்ட ஆட்களுக்குக் கொடுங்கள், நான் இனிப் பிள்ளைகளுக்கு உடுப்பு வரையமாட்டேன், ஆடைத் தொழிற்சாலையில் பெரியவர்களின் பெனியனுக்கு வரைகிற வேலை கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான். கோபமாக ஒரு சொல் இல்லை. நீ கோபமாக எழுதியிருந்தால் நானும் கோபமாக ஒரு பதில் எழுதி, இரண்டு பேரும் பெருநாளோடு பெருநாளாகச் சமாதானமாகியிருப்போம். இந்த வீடு உன் உம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு, இப்போது உன் பெயரில் இருக்கிறது. நான் இங்கே இருப்பது உன் வாப்பா என்ற ஒரே உரிமையில். அறையை வாடகைக்குக் கொடு என்று வீட்டுக்காரி சொன்னால் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் அந்த அறையில் இப்போது என்ன நடக்கிறது என்று நீ அறிய வேண்டும். அதைச் சொல்ல வந்தால் வேறு சிலதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தொழில் உனக்குத் தெரியாததல்ல. நீ பிறக்க முன்பிருந்தே சாய்ந்தமருதில் சின்னப் பிள்ளைகளின் பெருநாள் உடுப்பு என்றால் என்னிடம்தான் வருவார்கள். தாய் பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள். பிள்ளைக்கு எத்தனை வயது என்று தாயிடம் கேட்பேன். சொன்ன வயதோடு ஒரு வயதைக் கூட்டி வெட்டுவேன், கீழே இரண்டு விரல் அகலம் உள்ளே மடித்து வைப்பேன். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷமும் போடட்டும் என்று எல்லாத் தாயும் சொல்வதுதான். நிறத்தைத் தாய் சொல்வாள். கழுத்துக்கு ரேந்தைப் பின்னல் வேண்டுமா வேண்டாமா என்பதையும் தாய் சொல்வாள். பிள்ளை தூண் மாதிரி நிற்கும். இந்த வீட்டில் ஒரு அலுமாரியில் இறந்தவர்களுக்குச் சுற்றுகிற வெள்ளைக் கபன் துணியும் இருக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். யாராவது மௌத்தாகிவிட்டால் பள்ளிவாசலில் இருந்து ஆள் வரும், நான் வெட்டிக் கொடுப்பேன். அதற்கு உயரம் மட்டும் கேட்பேன். பிறந்த பிள்ளைக்கு வயதைக் கேட்டேன், மௌத்தானவருக்கு உயரத்தைக் கேட்டேன். வேறெதையும் நான் யாரிடமும் கேட்டதில்லை மகள். அது என் கெட்டித்தனம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ படிப்பை முடித்துக்கொண்டு வந்து முன் அறையில் பாய் விரித்தாயே, அன்றைக்கு நான் உன்னைப் பற்றி என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன். இவ்வளவு படித்துவிட்டு இவள் மொண்டிசூரி நடத்தப் போகிறாள் என்று நினைத்தேன். வெட்டுத் துண்டுகளை ஒரு பெட்டியில் கொட்டி வைத்துக்கொண்டு பிள்ளைகளை வட்டமாக இருத்தினாய். தாய்மாரை வெளிவாசலில் கதிரை போட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாய். வெளிப்பக்கம் தாய் கேட்ட நிறம், மருதமுனைக் கைத்தறித் துணி, அடக்கமான வெட்டு. உள்பக்கம் பிள்ளைக்கு. உள்ளே என்ன வேண்டும் என்று பிள்ளையே சொல்ல வேண்டும், பிள்ளையே துண்டைப் பொறுக்க வேண்டும். முன்பக்கம் முழுக்கப் பெரிய பொத்தான், பிள்ளை தன் கையால் கழற்றித் தன் கையால் திருப்பிப் போடலாம். இரண்டு பக்கமும் ஒரே நேர்த்தி. இதற்கு இரட்டிப்பு வேலை, இரட்டிப்புத் துணி, யாருக்கு விளங்கப் போகிறது என்று கேட்டேன். நீ குனிந்து வெட்டிக்கொண்டே சொன்னாய்:

"வாயால சொல்ல ஏலாத கன விசயம் சின்னப் புள்ளையளுக்கு இரிக்கி வாப்பா. உடுப்பால சொல்லட்டுமே."

நான் சிரித்தேன். எனக்கு விளங்கவில்லை என்று காட்டுவதற்காகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளைகள் கேட்டவற்றை நான் மறைவில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கட்டாரில் வாப்பா இருக்கிற ஒரு சின்னவன் பிளேன் கேட்டான். அதன் மூக்கு எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்க வேண்டும், அங்கிட்டுப் பார்க்கக் கூடாது என்று அடம்பிடித்தான். இன்னொருவன் வளையல் கேட்டான், நிறைய வளையல். ஒரு பிள்ளை மழை கேட்டாள், நீ நீலத் துண்டுகளைச் சின்னச் சின்னதாக நறுக்கி ஒட்டினாய். ஒருத்தி ஒன்றும் வேண்டாம், பெரிய பொக்கட் மட்டும் வை என்றாள். பிறகு பின் ஒழுங்கையில் இருக்கிற ரிஹானாவின் மகள் ஸைனப். ஆறு வயது. வீட்டில் காகத்தோடும் பூனையோடும் கதைக்கிற பிள்ளை, பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டினால் ஒரு சொல் பேசாது. வருஷம் ஒன்றாகிறது. ஆசிரியை கேட்டாலும் இல்லை, அடித்தாலும் இல்லை. அவள் பெட்டியில் இருந்து சிவப்புத் துண்டைப் பொறுக்கினாள், பிறகு வெள்ளைத் துண்டுகளைப் பொறுக்கினாள், உன் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்து, எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று காட்டினாள். நீ ஒரு வாய் தைத்தாய். அகலத் திறந்த வாய், எல்லாப் பல்லும் தெரிய. அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு நான் உனக்குப் பைத்தியம் என்று சொன்னேன்.

இப்போது உன்னுடைய ஏழு வயதுப் பெருநாளைச் சொல்ல வேண்டும். நீயும் நானும் இதை ஒரு நாளும் கதைத்ததில்லை. சுனாமியாகக் கடல் வந்துபோய் இரண்டாம் வருஷம் அது. நோன்பு தொடங்க முன்னமே உன் உம்மா மௌத்தாகிவிட்டா. நோய் வருத்தத்தோடு படுத்திருந்த நாட்களில் உனக்குப் பெருநாள் சட்டை தைக்கத் தொடங்கினா. நான் தைத்துத் தருகிறேன் என்றால் விடவில்லை. மெசினில் இருக்க ஏலாது, கையால்தான். வெளியே மஞ்சள் சீத்தைத் துணி, கழுத்துக்கு ரேந்தை. உள்ளே மடிப்புக்கு மீன்முள் தையல் போட்டா. எழும்பி நூல் எடுக்க முடியாததால் கைக்கு எட்டிய துண்டு நூலையெல்லாம் கோத்துத் தைத்தா. பச்சை முடிந்தால் சிவப்பு, சிவப்பு முடிந்தால் ஊதா. கேட்டால், உள்ளேதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றா. முடித்துவிட்டுத்தான் போனா. கபனை நான்தான் வெட்டினேன். அந்த ஒரு முறைதான் உயரத்தை யாரிடமும் கேட்காமல் வெட்டினேன்.

பெருநாள் காலையில் உன்னை உம்மாவின் தங்கை, சாச்சி, குளிப்பாட்டி உடுத்திவிட்டா. கடற்கரைத் தொழுகைக்குப் போனோம். தொழுது முடித்து எல்லோரோடும் கைகொடுத்து முஸாபஹா செய்துகொண்டு நான் திரும்பிப் பார்க்கிறேன், நீ பெண்கள் பக்கத்தில் இருந்து வருகிறாய், சட்டை புறம் மாறிப் போய் இருக்கிறது. மடிப்பும் நூலும் வெளியே தெரிய, ரேந்தை உள்ளே. நீயே திருப்பிப் போட்டிருக்கிறாய். இடையில் நின்ற ஒரு பெண் மற்றவளிடம், உம்மா இல்லாத பிள்ளை, பார்த்து உடுத்திவிட ஆள் இல்லை என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஊருக்கெல்லாம் பெருநாள் உடுப்புத் தைக்கிற மனிசனின் பிள்ளை. நான் உன்னைத் தோணிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிட்டேன். நீ கையை இறுக்கிக்கொண்டு விடாமல் நின்றபோது உன் முதுகில் ஒன்று வைத்தேன். நல்ல புறம் எது கெட்ட புறம் எது என்று தெரியாதா உனக்கு என்று கேட்டேன். நீ அழவில்லை. அந்தச் சட்டையை நீ பிறகு போடவே இல்லை. எனக்கு மறு கலியாணம் பேசி வந்தவர்கள், கட்டினால் நான் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டும், நீ சாச்சியோடு இருக்கட்டும் என்று சொன்னபோது நான் மறுத்ததை ஊர் பெரிதாகச் சொல்லும். உன்னை வளர்த்தேன், உண்மைதான். ஆனால் அன்றைக்குத் தோணிக்குப் பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் அதில் பெருமை பேச ஒன்றும் இல்லை.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன். நோன்பின் கடைசிப் பத்து நாளில் நீ பொத்தான் எடுக்கக் கொழும்புக்குப் போனாய். நாலு நாள். முப்பத்துநாலு சட்டை தைத்து முடித்து அடுக்கியிருந்தது, பொத்தானும் அதற்குத் துளை போடுவதும் மட்டும்தான் பாக்கி. இரண்டாம் நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு ரிஹானா வந்தாள், மகளின் சட்டையைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று. நானும் எடுத்துக் கொடுத்தேன். வெளியைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றாள். பிறகு உள்ளே திருப்பினாள். அந்த வாயின் மேல் கையை வைத்து மூடினாள். அவள் கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். கூடப்பிறந்த அண்ணனிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"என்ட புள்ள கதைக்கிற இல்ல எண்டு ஊரே கதைக்குது காக்கா. அத நெஞ்சில ஒட்டித்தான் அனுப்பணுமா?"

சட்டையை மடித்து என் கையில் வைத்தாள். அவள் போன பிறகு இன்னும் இரண்டு தாய்மார் வந்தார்கள். வளையல் கேட்ட பையனின் தாய் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் மகனின் வாப்பா பார்த்தால் என்ன சொல்வாரோ என்றாள். நான் உன்னை ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்வாய் என்று தெரியும். உள்பக்கத்தை ஒரு துணி வைத்து மூடிவிடுவோம், வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, உன் வேலையும் கெடாது, தாய்மாரும் சும்மா இருப்பார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் தைத்துக்கொண்டேன். மூன்றை மட்டும் மூடினால் மற்றத் தாய்மார் ஏன் என்று கேட்பார்கள், அதனால் எல்லாவற்றையும். கடைத்தெருவில் அந்த நாட்களில் கால் வைக்க இடமில்லை, மெல்லிய வெள்ளைத் துணி எங்கேயும் இல்லை. அந்த அலுமாரியில் இருந்தது. துணி துணிதானே என்று எடுத்தேன். பெருநாள் முடிந்ததும் அதே அளவு வாங்கி வைத்துவிடலாம் என்று எடுத்தேன், வைத்தும்விட்டேன், அதைப் பற்றி இங்கே கதை இல்லை. இரண்டரை நாள் மெசினில் இருந்து எழும்பவில்லை. நீ வரும்போது எல்லாம் மடித்து இஸ்திரிக்கை போட்டு அடுக்கியிருந்தது. நீ என் கன்னத்தைப் பிடித்து, வாப்பா தனியாக எல்லாம் முடித்துவிட்டார் என்றாய். மடிப்பைக் கலைக்காமல் மேல் பொத்தான்களை மட்டும் வைத்துத் தைத்தாய், திருப்பிப் பார்க்கவில்லை. என்னை நம்பினாய்.

நீயும் பிள்ளைகளும் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தது எனக்குத் தெரியாது. தொழுகை முடிந்து குத்பாப் பிரசங்கமும் முடிந்த பிறகு, தோணிகளுக்குப் பின்னால் போய் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டும். நீ மறைப்புக்கு ஒரு பெரிய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். நான் ஆண்கள் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் ஓடிவரவில்லை. ஒவ்வொன்றாக வெளியே வந்து நின்றார்கள். முழு வெள்ளை. வெறும் வெள்ளை. கழுத்தில் இருந்து முழங்கால் வரைக்கும். பிளேன் கேட்டவன் குனிந்து குனிந்து தன் வயிற்றைத் தேடினான். ஸைனப் அழவில்லை, விரலால் நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தாள். துணிக்கு அடியில் வாயின் தையல் கைக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் விரலை வைத்து அப்படியே நின்றாள். சுற்றி நின்ற சனம் முதலில் விளங்காமல் சிரித்தது, பிறகு சிரிப்பை நிறுத்தியது. அந்தத் துணி எங்கள் ஊரில் எல்லோரும் கண்டு பழகிய துணி. நீ அந்த அலுமாரியைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவள். என்னிடம் வந்து, சத்தம் போடாமல்தான் சொன்னாய்:

"உசிரோட இரிக்கிற புள்ளையளக் கபனிட்டிரிக்கீங்க வாப்பா."

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் நீ கொழும்புக்கு பஸ் ஏறினாய். நான் அதன் பிறகு ஒரு கிழமை மெசினைத் தொடவில்லை. பிறகு சின்னக் கத்தரிக்கோலை லேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சட்டையைத் தாருங்கள், உள்துணியைப் பிரித்துத் தருகிறேன் என்று கேட்டேன். இந்த ஊரில் வெட்டித் தைத்துக் கொடுக்கப் போயிருக்கிறேன், பிரிக்கப் போனது இதுதான் முதல் தரம். சிலர் வாசலிலேயே தந்தார்கள். சிலர், இப்படியே நல்லாயிருக்குது காக்கா, விடுங்க என்றார்கள். ஒரு தாய் அந்த வெள்ளையைப் பார்க்கப் பயந்து சட்டையை யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். பிளேன்காரனின் வீட்டு முற்றத்தில் இருந்து பிரித்தேன். மூக்கு தெரிந்த உடனே அவன் சட்டையை என் கையில் இருந்து பறித்துக்கொண்டு ஓடினான், பாதி உள்துணி தொங்கத் தொங்க. இருபத்தொன்பதைப் பிரித்துவிட்டேன். மீதிக்கு நான் இருக்கிறவரை போய்க் கேட்பேன்.

ஒன்றைச் சொன்னால் கோபிப்பாய், ஆனாலும் சொல்கிறேன், வாப்பா என்று ஒருவன் வேறெதற்கு. ரிஹானாவிடம் நீ முதலே கதைத்திருக்க வேண்டும். பிள்ளையை உள்ளே பாயில் இருத்தித் தாயை வெளியே கதிரையில் இருத்தினாய். கதவை இடையில் சாத்தினாய். பிள்ளை மனம் திறக்க அது நல்ல வழிதான். ஆனால் அந்தச் சட்டையை வீட்டில் துவைக்கிறவள் தாய். ஊர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிறவளும் தாய். ரிஹானா கெட்டவள் இல்லை மகள், பயந்தவள். அவளையும் ஒரு நாள் அந்தப் பாயில் இருத்தி, உனக்குச் சின்ன வயதில் உடுப்பில் என்ன வேண்டியிருந்தது என்று கேட்டிருந்தால் அவளும் பெட்டிக்குள் கையை விட்டிருப்பாள். இது நான் இப்போது பிரித்துப் பிரித்துப் படித்தது. தொழிற்சாலையில் பெனியனுக்கு வரைந்தாலும் இது உதவும்.

ரிஹானா சட்டையைத் தரமாட்டேன் என்றுவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்ட நேரம் ஸைனப் தனியே வந்தாள். புத்தகப் பைக்குள் இருந்து சட்டையைச் சுருட்டியபடி எடுத்து என் மடியில் வைத்தாள். வெள்ளையை விரலால் குத்திக் காட்டினாள். நான் பிரித்தேன். மெதுவாகத்தான் பிரித்தேன், அவள் ஒவ்வொரு தையலாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் முழுதாக வெளியே வந்ததும் சட்டையை வாங்கி அப்படியே போட்டுக்கொண்டாள். என்ன செய்வாள் என்று பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. முன் அறையில் உன் பாயை விரித்து, நடுவில் இருந்தாள். அரை மணித்தியாலம் இருந்திருப்பாள். பிறகு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். பள்ளிக்கூட விடுமுறை நாளில் மட்டும் வருவதில்லை. மறைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை, போய் ரிஹானாவிடம் சொன்னேன். அவள், பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்காவிட்டால் சரி என்றாள். போன வியாழக்கிழமை அவளும் வந்து யன்னல் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். ஸைனப் பள்ளிக்கூடத்தில் இன்னும் பேசவில்லை. பேசுவாள் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நீ வாடகைக்குக் கொடுக்கச் சொன்ன அறையில் இப்போது இதுதான் நடக்கிறது.

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக இழுத்ததே இந்த இடத்துக்கு வரப் பயந்துதான். உன்னுடைய முப்பத்துநாலு சட்டையிலும் உள்மடிப்புக்கு நீ மீன்முள் தையல் போட்டிருந்தாய். பச்சை முடிந்த இடத்தில் சிவப்பு, சிவப்பு முடிந்த இடத்தில் ஊதா. உனக்கு நூலுக்கா பஞ்சம். ரிஹானா வந்து கேட்டது உண்மை, மற்றத் தாய்மார் வந்ததும் உண்மை, ஆனால் எல்லாவற்றையும் மூடியது அவர்களுக்காக இல்லை மகள். பொத்தானுக்குத் துளை போட ஒவ்வொரு சட்டையாக எடுக்கும்போது அந்தத் தையல் என் கண்ணில் பட்டது. முப்பத்துநாலு தரம் பட்டது. பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. நீ வந்து பாயில் இருந்து எனக்கு விளக்கம் சொன்ன அன்றைக்கே மாதிரிச் சட்டையின் உள்ளே அதைக் கண்டுவிட்டேன். கண்டதால்தான் சிரித்தேன்.

ஏழு வயதில் நீ என்ன நினைத்துக்கொண்டு சட்டையைத் திருப்பிப் போட்டாய் என்பது வாப்பாவுக்கு விளங்கவில்லை, விளங்கியிருந்தால் அடித்திருக்கமாட்டார் என்றுதான் நீ நம்பிக்கொண்டு இருக்கிறாய். சாச்சியிடம் அப்படிச் சொன்னாய் என்று கேள்விப்பட்டேன். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருஷமும் என்னோடு சிரித்துக் கதைத்தாய், என் கன்னத்தைப் பிடித்தாய். அதை நான் உன்னிடமிருந்து களவாக வைத்துக்கொள்ள விரும்பவில்லை. எனக்கு விளங்கியது மகள். பெண்கள் பக்கத்தில் இருந்து நீ நடந்து வரும்போதே விளங்கியது. அது யாருடைய கை என்று என்னை விட அறிந்தவன் இந்த ஊரில் யார். உம்மா தைத்ததை எல்லோரும் பார்க்கட்டும் என்று நீ போட்டுக்கொண்டு வந்தாய். நான் அதைத் தெரிந்துதான் திருப்பினேன். தெரிந்துதான் அடித்தேன். சனம் சொன்னது எனக்குக் கிடைத்த ஒரு சாட்டு. உன் உம்மா போனதை அன்றைக்குப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதை உன் உடம்பிலும் பார்க்கக் கூடாது என்று மூடினேன். அன்றைக்கு மூடியது ஒன்று, இந்த வருஷம் மூடியது முப்பத்துநாலு.

மன்னிப்புக் கேட்டால் நீ மன்னித்துவிடுவாய், அந்தக் குணம் உனக்கு உண்டு. அதனால் கேட்கவில்லை. அறையைக் கொடு என்று இதை வாசித்த பிறகும் நீ சொன்னால் கொடுத்துவிடுகிறேன், ஸைனபின் சட்டையை என் கட்டிலுக்கு மேல் மாட்டி அவளை அங்கே வரச் சொல்கிறேன். நீ யோசித்து எழுது. அவசரம் இல்லை.

உன் மஞ்சள் சட்டை அலுமாரியில்தான் இருந்தது, கபன் துணிக்கு அடியில். நேற்று எடுத்தேன். உள்புறத்தை வெளியே திருப்பி, முன் அறையில் மற்ற ஆணியில் மாட்டினேன். ஸைனப் வந்தாள், தன் சட்டையைப் போட்டுக்கொண்டாள், பிறகு இதைக் கண்டாள். கிட்டப் போய்ப் பச்சையில் விரலை வைத்து, சிவப்பு, ஊதா என்று மடிப்பு முடிகிற இடம் வரைக்கும் மெதுவாகக் கொண்டுபோனாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. யார் தைத்தது என்று கேட்கிறாள்.

நயீமா என்று சொன்னேன். இந்த வீட்டுக்குள் நான் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி எத்தனை வருஷம், உனக்குத்தான் தெரியும்.

வாப்பா